ஓமத் தண்ணீரும் ஒரு பொய்யும்: கோபாலபுரம் முதல் போடிமெட்டு வரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது அருவி, தேயிலைத் தோட்டம், யானை என்று படம் போட்டு எழுதும் கட்டுரை இல்லை. பதினோரு வருடமாக இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு என் வழக்கம் தெரியும். எந்த பஸ், எத்தனை மணிக்கு, டிக்கெட் எவ்வளவு, எந்த ஸ்டாண்டில் கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்று எழுதுவேன். அழுகாச்சி எழுத மாட்டேன். இந்தத் தடவை இரண்டும் இருக்கும். வேண்டாதவர்கள் நேராகக் கடைசியில் இருக்கும் தகவல்களுக்குப் போய்விடலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இவ்வளவு நாள் ஏன் எழுதவில்லை என்று கேட்டவர்களுக்கு நான் பதில் போடவில்லை. என் வீட்டுக்காரர் டேனியல் இறந்துபோனார். பழைய படங்களில் இரண்டு தோளிலும் பையை மாட்டிக்கொண்டு ஓரமாக நிற்பாரே, அவர்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், வயது நாற்பத்தொன்பது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் போய்ப் பதினான்கு மாதம் கழித்து, இந்த பிப்ரவரியில் நான் தனியாகப் போன பயணம் இது.

எதற்குப் போனேன் என்றால், தூக்கத்துக்காக. நான் பொள்ளாச்சியில் ஒரு மருந்துக்கடையில் பதினாறு வருடமாக நிற்கிறேன். சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்டு வருகிறவர்களைத் திட்டித் திருப்பி அனுப்புவது என் வேலையில் ஒரு பகுதி. அப்படிப்பட்டவள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு, அந்த மாத்திரை எந்தத் தட்டில் இருக்கிறது என்று யோசிக்க ஆரம்பித்தேன். சரி, இது ஆகாது என்று போனில் மூச்சுப்பயிற்சி பார்த்தேன். நன்றி டைரி எழுதிப் பார்த்தேன், மூன்றாம் நாளே நன்றி தீர்ந்துவிட்டது. காலையில் ஐந்து கிலோமீட்டர் நடந்தேன். கடைக்கு வரும் ஒரு டீச்சரம்மாதான் சொன்னார், கோபாலபுரத்தைத் தாண்டி மாந்தோப்புக்குள் ஓர் இடம் இருக்கிறது, திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள், மனது ஆறிப்போகும் என்று. சாப்பாடு, தங்கல், எண்ணெய்க் குளியல் எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய். கட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை 7.10க்கு பொள்ளாச்சியில் டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கோபாலபுரம் சுமார் பதினைந்து கிலோமீட்டர், நாற்பது நிமிடம். செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமே இறங்கி டீ குடித்துவிட்டு நடந்து கேரளத்துக்குள் போனேன். அங்கிருந்து தோப்புக்கு ஆறரைக் கிலோமீட்டர், ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய்.

ஆட்டோக்காரர் ஐம்பது வயதிருக்கும். "ஏனுங்க, அந்த மாந்தோப்புக்குத்தானுங்களே?" என்று இடத்தைச் சொல்வதற்குள் கேட்டார். தனியாக வரும் பெண்பிள்ளைக்கு வேறு எந்த இடமும் இல்லை போலிருக்கிறது. கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "நெறையப் பேரக் கொண்டுபோயி உட்டிருக்கறனுங்க. வாரப்ப சும்மா வாராங்கொ, போறப்ப அழுதுட்டுப் போறாங்கொ. நல்லதுக்குத்தானோ என்னமோ, நமக்கென்னங்க தெரியுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினான்கு மாதத்தில் எத்தனை தடவை சிரித்தேன் என்று ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம், அதில் இது ஒன்று.

தோப்பில் எட்டு ஓட்டுவீடுகள். எங்கள் குழுவில் பதினோரு பேர். நடத்துபவர் ஷீலா டீச்சர், அறுபதை நெருங்கியவர், மலையாளமும் தமிழுமாக மெதுவாகப் பேசுவார். வந்து உட்கார்ந்ததும் எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளரில் வெதுவெதுப்பாக ஏதோ கொடுத்தார்கள். மூக்கருகில் கொண்டுபோனதும் தெரிந்துவிட்டது, ஓமத் தண்ணீர். அவர்கள் அயமோதக வெள்ளம் என்கிறார்கள். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெளியே ஓடிப்போய் மாமரத்தடியில் வாந்தி எடுத்தேன்.

அந்தக் கதையை இங்கேயே சொல்லிவிடுவதுதான் ஒழுங்கு. டேனியல் இறந்த நாள் ஒரு சனிக்கிழமை. மத்தியானம் கூட வேலை பார்க்கும் வாத்தியார் ஒருவரின் புதுமனைப் புகுவிழா, மட்டன் பிரியாணி. சாயங்காலம் ஆறரைக்கு டேனியல் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "என்னமோ பிடிச்சாப்ல இருக்கு" என்றார். தோளும் வலிக்கிறது என்றார். நான் யார், மருந்துக்கடைக்காரி ஆயிற்றே. தினமும் நாலு பேருக்கு வாயு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள். "பிரியாணியை அள்ளி அள்ளித் தின்னா வாயு பிடிக்காம என்ன செய்யும்?" என்று திட்டிவிட்டு மாத்திரை கொடுத்தேன். ஓமம் கொதிக்க வைத்தேன். உப்புப் போட்டு சோடா கொடுத்தேன். முதுகைத் தேய்த்துவிட்டேன். ஏழரைக்கு ஒரு பெரிய ஏப்பம் வந்தது. "பாத்தீங்களா, வந்துருச்சு. வாயுதான்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். எட்டேகாலுக்கு அவருக்கு வேர்த்தது. ஃபேனைக் கூட்டி வைத்தேன். ஒன்பது ஐந்துக்குக் கட்டிலிலிருந்து எழுந்தவர் அப்படியே விழுந்தார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒன்பது நாற்பதுக்கு எல்லாம் முடிந்தது.

நம் ஊர்களில் நெஞ்சுவலி என்று யாரும் சொல்வதில்லை, வாயு என்றுதான் சொல்வோம். நெஞ்சுவலி என்று சொன்னால் அது வந்துவிடும் என்று பயமோ என்னமோ. ஏப்பம் வந்தால் வீடே நிம்மதியாகிவிடும். இது எனக்குத் தெரியாததா? கடையில் வேறு யாராவது வேர்க்க வேர்க்க வந்து நின்றிருந்தால், "மாத்திரையெல்லாம் கெடக்கட்டும், மொதல்ல ஈசிஜி எடுங்க" என்று துரத்தியிருப்பேன். என் வீட்டுக்காரர் விஷயத்தில் எனக்குப் புத்தி போகவில்லை. இதுதான் என் கதை.

இதில் இன்னொரு பகுதி இருக்கிறது. மறுநாள் காலை டேனியலின் அக்கா எஸ்தர் மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வந்துகொண்டிருந்தார். வழியில் போன் செய்து ஒரே கேள்விதான் கேட்டார்: "வலிச்சுச்சா அவனுக்கு? ரொம்ப வலிச்சுச்சா?" பின்னால் கண்டக்டர் விசில் சத்தம். பஸ்ஸில் தனியாக வரும் பெண்ணுக்கு நான் என்ன சொல்வேன்? "இல்லைங்க, தூக்கத்துலயே போயிட்டாரு" என்றேன். சொன்னது சொன்னதுதான். அடக்கம் முடிந்து அவர் திரும்பிப் போகும்வரை அதையே சொன்னேன்.

முகாமைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். காலை ஐந்தரைக்கு எழுப்புவார்கள். ஆறு மணிக்கு மூச்சுப்பயிற்சி, நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட வேண்டும். அது எனக்கு உண்மையிலேயே உதவியது, இப்போதும் செய்கிறேன். பிறகு ஈரப்புல்லில் செருப்பில்லாமல் நடை. பத்து மணிக்கு எண்ணெய் தேய்ப்பு, என் முட்டிவலி பாதி குறைந்தது. கண்ணாடி முன்னால் நின்று "நான் உன்னை மன்னிக்கிறேன்" என்று பத்து தடவை சொல்லும் பயிற்சி மட்டும் எனக்கு ஆகவில்லை. மன்னிக்க நீ யாருடி என்று கண்ணாடியில் இருந்தவள் கேட்டாள். சாப்பாடு காரமில்லாத கஞ்சியும் பயறும். வெறும் பத்தியம்தான், ஊறுகாய் கொண்டுபோகிறவர்கள் ஒளித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் கடிதம் எரிக்கும் பயிற்சி. மனதில் இருப்பதை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவருக்கு எழுதி நெருப்பில் போட வேண்டும். நான் டேனியலுக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் எஸ்தர் மதினிக்கு எழுதியிருக்கிறேன். நெருப்பில் போட்டேன். மற்றவர்கள் எல்லாம் கட்டிப்பிடித்து அழுதார்கள். எனக்குப் புகைதான் கண்ணில் பட்டது.

மறுநாள் ஷீலா டீச்சரிடம் தனியாகச் சொன்னேன். முழுவதும் கேட்டார். "இறந்தவரு கேக்க மாட்டாரு சுமதி. ஜீவனோட இருக்கறவங்ககிட்ட சொல்லணும். உண்மை வெளிய வந்தாத்தான் உங்க மனசு ஆறும்" என்றார்.

"கேக்கறவங்க மனசு என்னாகுங்க டீச்சர்?"

"அது அவங்களோட யாத்ர. அத நீங்க சுமக்கண்டா."

எனக்கு அது பெரிய ஞானமாகத் தெரிந்தது. டீச்சரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு மதினியைத் தெரியாது, எனக்குத் தெரியும். எனக்கு வேண்டியதை அவர் வாயிலிருந்து வாங்கிக்கொண்டு கிளம்பினேன், அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை 6.15க்கு ஆட்டோ. பொள்ளாச்சிக்கு 7.40. அங்கிருந்து உடுமலைப்பேட்டை பஸ், ஐம்பத்தைந்து நிமிடம். உடுமலையில் 9.30க்கு மூணாறு பஸ் பிடித்தேன், டிக்கெட் நூற்றுப் பதினைந்து. காட்டுக்குள் நுழையும் முன் செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பையைத் துழாவுவார்கள், எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள். மறையூர் தாண்டி வளைவுகள் ஆரம்பிக்கும்போது எனக்குத் தலை சுற்றியது. வழக்கமாக ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டு, எலுமிச்சம்பழத்தைக் கீறிக் கையில் தருவது அவர் வேலை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் என்னைப் பார்த்து, "வாந்தி வர்றாப்ல இருந்தா முன்னாடியே சொல்லிரும்மா" என்று தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். மூணாறு 1.45க்கு. ஒரு டீ மட்டும் குடித்தேன்.

2.30க்குப் போடி போகும் பஸ் கிடைத்தது, அறுபத்திரண்டு ரூபாய். பூப்பாறை வழியாகப் போடிமெட்டு வந்து இறங்கியபோது மணி 4.25. நல்ல குளிர். சுற்றுலாக்காரர்கள் பள்ளத்தாக்கைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு காலத்தில் அதே இடத்தில் நின்று படம் எடுத்து இங்கே போட்டவள்தான். அங்கிருந்து எஸ்டேட்டுக்கு ஐந்து கிலோமீட்டர், ஷேர் ஜீப்பில் ஆளுக்கு நாற்பது ரூபாய்.

எஸ்தர் மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கொங்குப் பக்கம் என்றால் நங்கையா என்று கூப்பிட்டிருப்பேன், அவர்கள் வழக்கத்தில் மதினி. வயது ஐம்பத்தெட்டு. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவருக்குப் பத்தொன்பது, டேனியலுக்குப் பதினொன்று. ஏலக்காய் எடுக்கப் போய்த்தான் தம்பியைப் படிக்க வைத்தார். கல்யாணத்தை அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளி அப்படியே விட்டுவிட்டார். நான் இந்துவாகப் பிறந்தவள், என் கல்யாணத்துக்கு என் வீட்டில் ஒரு ஈ காக்கை வரவில்லை. அன்றைக்கு மலையிலிருந்து பஸ் ஏறி வந்து, தம்பி பக்கம் நிற்காமல் என் பக்கத்தில் வந்து பெண்வீட்டாராக நின்றவர் இந்த மதினிதான். எனக்கென்று இந்த உலகத்தில் மிச்சம் இருக்கும் ஒரே சொந்தம்.

லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கு எஸ்டேட்டில் கட்டிக்கொடுத்திருக்கும் வரிசை வீடுகளில், நாலாவது வீடு அவருடையது. என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கன்னத்தைப் பிடித்தார். "என்னட்டி, இப்படி வத்திப்போயி வந்து நிக்க? சோறே திங்கியதில்லையா?" சாயங்காலம் முழுவதும் பேசிக்கொண்டே இருந்தார், கோழிக்கு நோய் வந்த கதை, கங்காணி வீட்டுச் சண்டை. அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அவரோடு சர்ச்சுக்குப் போனேன். லயத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் ஏற்றம். அறுபது பேர் இருப்பார்கள். பாட்டு, ஜெபம் எல்லாம் ஆன பிறகு சாட்சி சொல்லும் நேரம். ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் சொல்வது அவர்கள் வழக்கம். ஒருவர் மகனுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னார். ஒரு பெண் அட்டைக்கடி புண் ஆறியதைச் சொன்னார். பிறகு பக்கத்தில் மதினி எழுந்தார்.

"என் தம்பிய ஆண்டவர் ஒரு நோவும் தெரியாம, தூக்கத்துலயே தன் கையில எடுத்துக்கிட்டாரு. அந்தக் கிருபைக்காக இந்த மாசமும் நன்றி சொல்லுதேன்."

"ஸ்தோத்திரம்" என்றார்கள் எல்லோரும். என் முன்னால் இருந்த அம்மாள் திரும்பி என் கையைப் பிடித்து அழுத்தினார்.

இந்த மாசமும் என்றாரே, அப்படியென்றால் மாதாமாதம். பதினான்கு மாதமாக நான் சொன்ன பொய்யைக் கர்த்தர் சந்நிதியில் நன்றியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இதற்கு மேல் ஒரு நாள்கூட இந்தப் பாவத்தைச் சுமக்க முடியாது என்று நினைத்தேன். பாருங்கள், அப்போதும் என் பாவம், என் சுமை என்றுதான் நினைத்தேனே தவிர, அந்த நன்றியை எடுத்துவிட்டால் அவரிடம் வேறு என்ன இருக்கிறது என்று நினைக்கவில்லை.

மத்தியானம் நாட்டுக்கோழிக் குழம்பு. சாப்பிட்ட பிறகு மதினி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, ஏலக்காய் எடுக்கும்போது இடுப்பில் கட்டும் சாக்குப்பையின் கிழிசலைத் தைத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விட்டு, ஆரம்பித்தேன். மணி மூன்று இருக்கும். எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை, ஓமத் தண்ணீர், ஏப்பம், வேர்வை, விழுந்தது. தூக்கத்தில் போகவில்லை, அரை மணி நேரம் துடித்துத்தான் போனார் என்பதையும் சொன்னேன். அந்தக் கடைசி வரி தேவையே இல்லை. முகாமில் முழு உண்மை என்று சொல்லிக் கொடுத்திருந்தார்களே, அதனால் முழுவதும் சொன்னேன்.

மதினி தையலை நிறுத்தவில்லை. கடைசிவரை தைத்து, முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்தார்.

"ஏப்பம் வந்துச்சுன்னியே?"

"வந்துச்சுங்க மதினி."

"அப்பம் வாயுதான அது?"

"இல்லைங்க மதினி. அட்டாக்குன்னு எழுதிக் குடுத்தாங்க."

பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "அன்னைக்கு அவன் எனக்குப் போன் போட்டாம்லா" என்றார்.

எனக்குத் தெரியும், சனிக்கிழமை தோறும் அக்காவிடம் போனில் பேசுவார். அன்றைக்கும் நான் அடுப்படியில் ஓமம் கொதிக்க வைக்கும்போது வெளியே நின்று பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்டதில்லை.

"நெஞ்சப் பிடிக்குக்கா, தோள்பட்ட இழுக்கு, ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டுப் போயிட்டு வரவான்னு கேட்டான். சுமதி என்னடா சொல்லுதான்னேன். வாயுன்னு சொல்லுதாக்கான்னான். நான்தான் சொன்னேன். பொண்டாட்டி மருந்துக்கடையில இருக்கா, அவளுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிரும், ஆஸ்பத்திரிக்குப் போனா அவன் ஆயிரம் டெஸ்ட்டு எழுதுவான், பேசாமப் படுத்து எந்திரிடான்னேன். சரிக்கான்னு வச்சிட்டான்."

அவர் தொடர்ந்து பேசினார், என்னிடம் பேசுகிற மாதிரியே இல்லை.

"காலையில செத்துட்டான்னு சேதி வந்ததும், பஸ்ஸுல ஏறினதுலருந்து எனக்கு அதே நெனப்புதான். நாந்தான் கொன்னுட்டேன், நாந்தான் போகவேண்டாம்னேன். ஒனக்குப் போன் பண்ணேன். தூக்கத்துலன்னு நீ சொன்ன. அப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு. நோவுல போகல, அந்த நெஞ்சுப்பிடி வேற, இந்தச் சாவு வேறன்னு நெனச்சேன். அத வச்சித்தான் இத்தன நாளும் சோறு தின்னேன்."

"மதினி, எனக்குத் தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாதுங்க."

"ஏன் இப்பம் வந்து சொன்ன?"

"என்னால தாங்க முடியலைங்க மதினி."

"எனக்குத் தாங்குமா?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் அவர் காலைப் பிடித்தேன். காலை விலக்கிக்கொண்டு, கோழிகளைக் கூண்டில் அடைக்க எழுந்து போனார். சாயங்காலம் டீ போட்டு என் கையில் கொடுத்தார். ராத்திரி சோறு போட்டார். படுக்கும் முன் வழக்கமாகச் செய்யும் ஜெபத்தை மட்டும் செய்யவில்லை.

இப்போது சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன். ஒன்பது மணிக்குப் படுத்தவள் ஐந்தரைக்குத்தான் விழித்தேன். பதினான்கு மாதத்தில் முதல் முழுத் தூக்கம். எழுந்து பார்த்தால் மதினி பாயை விரிக்கவே இல்லை. நான் தேடிப் போனது எனக்குக் கிடைத்துவிட்டது, யாரிடமிருந்து எடுத்தேன் என்பதுதான் கேவலம்.

காலை ஏழேகாலுக்கு மதினி முந்தின நாள் தைத்த சாக்குப்பையை இடுப்பில் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். நானும் பையை எடுத்துக்கொண்டு ஜீப் நிற்கும் இடம் வரை பின்னாலேயே நடந்தேன். அங்கே கூட வேலைக்குப் போகும் பெண் ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு, "நம்ம டேனியல் அண்ணன் சம்சாரமா? பாக்கியவான்மா ஒன் வீட்டுக்காரரு. ஒரு நோவும் படாம தூக்கத்துல போறதுக்குக் குடுத்து வச்சிருக்கணும்" என்றாள்.

நான் வாயைத் திறக்கும் முன் மதினி, "ஆமா. தூக்கத்துலதான்" என்றார். என் பக்கம் திரும்பவில்லை. வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

நான் போடிமெட்டிலிருந்து 8.20 பஸ்ஸில் மலை இறங்கினேன். கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றைக்கூட எண்ணவில்லை. போடி, தேனி, திண்டுக்கல், பழனி வழியாகப் பொள்ளாச்சி வர சாயங்காலம் ஐந்தரை ஆனது.

இரண்டு வாரம் மதினி போனை எடுக்கவில்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரே கூப்பிட்டார். நலம் விசாரிக்கவில்லை. "வேர்வ எத்தன மணிக்கு வந்துச்சு?" என்று கேட்டார். எட்டேகால் என்றேன். வைத்துவிட்டார். அடுத்த ஞாயிறு, "எந்தத் தோளு?" இடது தோள் என்றேன். அதற்கடுத்த ஞாயிறு, "என்னயத் தேடுனானா?" இல்லை என்றேன், அதுதான் உண்மை. வாரம் ஒரு கேள்வி. நிமிடம் பிசகாமல் பதில் சொல்கிறேன். மனது ஆறுவதற்கு இதுவும் ஒரு பயிற்சியா, புண்ணைக் கிளறுவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஞாயிறு மத்தியானம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான் தெரியும்.

போகிறவர்களுக்குத் தகவல்கள். பிப்ரவரியில் மலையில் காலையும் மாலையும் ஸ்வெட்டர் வேண்டும், தோப்பில் மத்தியானம் வெயில் மண்டையைப் பிளக்கும். கோபாலபுரத்தில் சாயங்காலம் ஆறுக்கு மேல் ஆட்டோ கிடைப்பது சிரமம், வந்த ஆட்டோவின் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உடுமலை – மூணாறு பஸ்ஸில் ஏறுவதானால் அரை மணி நேரம் முன்னால் போனால்தான் உட்கார இடம். டிக்கெட் விலையெல்லாம் நான் போனபோது இருந்தது, மாறியிருக்கலாம். முகாமுக்குப் போகலாமா என்று கேட்டால், போங்கள். மூச்சுப்பயிற்சி நல்லது, எண்ணெய்க் குளியலும் நல்லது. ஆனால் அங்கே மனது லேசானவுடன் யாரிடமாவது போய் உண்மையைக் கொட்ட வேண்டும் என்று தோன்றினால், ஒரு மாதம் பொறுங்கள். உங்கள் பொய்யைப் பிடித்துக்கொண்டு அவர் எதன் மேல் நின்றுகொண்டிருக்கிறார் என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

இன்னொன்று, இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். வீட்டில் யாராவது நெஞ்சைப் பிடிக்கிறது என்றால் ஓமம் கொதிக்க வைக்காதீர்கள். ஏப்பம் வந்ததா என்று பார்க்காதீர்கள். அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்காதீர்கள், உங்கள் வீட்டில் மருந்துக்கடைக்காரி இருந்தால் அவள் சொல்வதையும் கேட்காதீர்கள். வண்டியை எடுங்கள். வாயுவாக இருந்தால் திரும்பி வந்து சிரித்துக்கொள்ளலாம்.

போன ஞாயிறு மதினி கேட்டது இது.

"ஒங்க வீட்டுலருந்து ஆஸ்பத்திரி எம்புட்டு தூரம்?"

"நாலரைக் கிலோமீட்டருங்க மதினி. ஆட்டோவுல பதினஞ்சு நிமிசம்."

வழக்கம்போல வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"இம்புட்டுத்தானா?" என்றார்.